எங்கே தேய்ந்திருக்கிறது?

"சார் வரலீங்களா மேடம்?" என்றுதான் அந்தப் பட்டறையில் முதலில் கேட்டார்கள். நான் வண்டியின் கோளாறைச் சொல்லத் தொடங்கியிருந்தேன். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை வருகிறது, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பகலில் ஓட்டும்போது இல்லை, சிக்னலில் வெகுநேரம் நின்று கிளம்பினால் மட்டும் கொஞ்சம் வருகிறது. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்து ரேஸ் பண்ணினார். இறங்கிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இன்ஜின் தேஞ்சு போச்சுங்க மேடம். இறக்கணும். நாப்பத்தஞ்சாயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அவ்ளோ செலவு பண்றது வேஸ்ட். குடுத்துட்டு வேற எடுத்துக்கச் சொல்லுங்க சாரை."

அந்தச் சாரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். வண்டி அம்மாவுடையது.

2003ஆம் ஆண்டு, ஐம்பது வயதில், அம்மா வாங்கிய மாருதி 800 அது. அரசுப் பள்ளி ஆசிரியை. ஜி.பி.எஃப். பணத்தில் கடன் போட்டு வாங்கினார். பயிற்சிப் பள்ளியில் தன்னைவிட முப்பது வயது குறைந்த பையன்களோடு வரிசையில் நின்று ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்பாவுக்குக் கடைசிவரை வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசைப்படவில்லை. பக்கத்து இருக்கையில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொள்வார். பெட்ரோல் பங்கில் பையன்கள் ஓட்டுநர் பக்கத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்து ஜன்னலுக்குப் போய், "சார், வண்டி என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்பார்கள். "டீச்சரைக் கேளு" என்பார் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல். எங்கள் தெருவில் ஒரு பெண் ஓட்டிய முதல் கார் அதுதான் என்று அம்மா சொல்வார். நான் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க விரும்பவும் இல்லை.

2016இல் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் வண்டி என்னிடம் வந்தது. கல்லூரி வீட்டிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். தினம் போய்வர, ஏழு வருடம் அதைப் பற்றி யோசிக்காமலே ஓட்டினேன். 2023இல் ஆர்.சி.யை மறுபடியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் முடிந்து 2018இல் ஒருமுறை புதுப்பித்திருந்தோம். 2022 ஏப்ரலிலிருந்து பழைய கார்களைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. அந்த ஐந்தாயிரத்தைக் கட்டுவதற்கு முன்னால் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பட்டறைக்குப் போனேன். கிடைத்தது இரண்டே சொல்: தேஞ்சு போச்சு.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. 'தேய்மானம்' என்பது எப்படிப்பட்ட சொல் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மாவின் முதுகுவலிக்குப் போன இடத்தில் மருத்துவர் சொன்னதும் அதுதான். "வயசாச்சில்லம்மா, எலும்புத் தேய்மானம்." கணக்குப் புத்தகத்தில் இயந்திரங்களின் மதிப்பை வருடாவருடம் குறைத்து எழுதுவதற்கும் அதே சொல். பெண்களைப் பற்றி என்றால் இன்னும் தாராளமாகப் பயன்படுத்துவோம். குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்தாள் என்று மேடையில் சொல்வோம், கைதட்டுவோம். ஒரு நாளும் எங்கே தேய்ந்தாள் என்று கேட்டதில்லை. முழங்காலிலா, தூக்கத்திலா, படிக்க ஆசைப்பட்ட படிப்பிலா? மொத்தமாகத் தேய்ந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் எதையும் குறிப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. வண்டிக்கும் அப்படித்தான்.

எங்கள் தெருக்கோடியில் போக்குவரத்துக் கழக டிப்போவில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அம்மாவின் பழைய மாணவருடைய அப்பா. எனக்கு அண்ணா. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பட்டறைக்காரரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "இருவது வருச வண்டி, தேஞ்சுதான் இருக்கும். தேயாம என்ன பண்ணும்? எங்க தேஞ்சிருக்குன்னு பாத்தியா கண்ணு?"

அந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆண் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொம்பளைங்க ஓட்டுன வண்டின்னா மொதல்ல கிளட்சைப் பாக்கணும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்ன ஆண். ஆனால் அவர் ஒன்று செய்தார், எனக்குத் தெரிந்த மற்ற ஆண்கள் செய்யாதது. "நகரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லவில்லை. கண்புரை அறுவைசிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் குனியக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்கவைத்தார்.

முதலில் புகை. புகைக்கு மூன்று நிறம். கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது, அது தேய்மானத்தின் கணக்கில் வராது. வெள்ளை என்றால் தண்ணீர். காலைக் குளிரில் சிறிதுநேரம் வந்து மறைந்தால் வெறும் நீராவி, சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பட்டறைக்காரர் நீலத்தைப் பார்த்ததில் தவறில்லை. ஆனால் நீலத்தோடு நிறுத்திவிட்டார். ஆயில் எரிகிற அறைக்கு அது போய்ச் சேர இரண்டு வழி உண்டு. கீழிருந்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலை வழிக்க முடியாமல் மேலே விட்டுவிடலாம். அல்லது மேலிருந்து, வால்வுகளின் தண்டைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பர் சீல்கள் வருடக்கணக்கான சூட்டில் இறுகி, வெடித்து, ஆயிலைக் கீழே சொட்டவிடலாம். ரிங் என்றால் இன்ஜினை இறக்க வேண்டும். சீல் என்றால் வேண்டாம். சீல் ஒவ்வொன்றும் விரல்நுனி அளவுதான்.

எந்த வழி என்பதைப் புகை வரும் நேரம் சொல்லும். இரவெல்லாம் நிற்கும்போது சீல் வழியாக ஆயில் சொட்டிச் சேரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது ஒரேயடியாக எரிந்து தீரும், பிறகு புகை நிற்கும். ரிங் தேய்ந்த வண்டி அப்படி இல்லை. பாரம் இழுக்கும்போது, மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே போகும்போதெல்லாம் புகையைத் துப்பிக்கொண்டே வரும்.

"எப்பலேர்ந்து புகை வருது?" என்று கேட்டார் அண்ணா. போன மாதத்திலிருந்து என்றேன். "ஆயில் எவ்ளோ குறையுது?" தெரியாது. "கடைசியா எப்ப டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்த?" பதில் சொல்லவில்லை. சர்வீஸுக்கு விடுகிறவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முனைவர் பட்டம் பெற்றவள், ஒரு செய்யுளுக்கு எத்தனை பாடபேதம் உண்டு என்று வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவள், ஏழு வருடமாக ஒரு கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "டேஷ்போர்டுல நோட்டு இருக்குமே" என்றார்.

இருந்தது. இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில், பள்ளிக்கூட எண்பது பக்க நோட்டு. பச்சை மையில் தலைப்புக் கோடு, சிவப்பு மையில் ஓரக்கோடு. தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் எத்தனை லிட்டர், ஆயில் மாற்றிய நாள், காற்று அடித்த நாள். பதிமூன்று வருடம். அம்மா வருகைப் பதிவேடு எழுதுகிற அதே கையெழுத்தில் வண்டியை எழுதியிருந்தார். இரவு அதைப் படிக்க உட்கார்ந்தேன். ஓர் ஏட்டைப் படிப்பதுபோல்தான் படித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

முதல் பத்து வருடங்களில் ஆயில் மாற்றிய நாளுக்கும் அடுத்தமுறை மாற்றிய நாளுக்கும் இடையில் ஊற்றியதாகக் குறிப்பே இல்லை. 2014இல் ஒரு தடவை: "ஆயில் 100 மி.லி." 2015 நவம்பரில்: "காலையில் நீலப் புகை. சிறிது நேரம்தான். மெக்கானிக்கிடம் சொன்னேன். பனிக்காலம் என்றார்." அடுத்த மாதம்: "மீண்டும் புகை. பகலில் இல்லை. ஆயில் 100. ஏன் என்று கேட்க வேண்டும்." அதற்குப் பிறகு ஐந்தாறு பதிவுகள்தான். விழுந்த மாதத்தோடு நோட்டு நின்றுவிட்டது. மீதி முப்பது பக்கம் வெற்றுத்தாள். அது என் பங்கு.

காலையில் மட்டும் புகை, பகலில் இல்லை. அண்ணா எனக்கு அரைமணி நேரம் விளக்கியதை அம்மா எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு வரியில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு மெக்கானிக்கிடம் சொல்லவும் சொல்லியிருக்கிறார். பனிக்காலம் என்று பதில் கிடைத்திருக்கிறது. சேலத்தில் எத்தனை பனி விழும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே நோட்டில் இன்னோர் இடத்திலும் நின்றேன். 2005 ஜூன் 9ஆம் தேதிக்குப் பிறகு ஆகஸ்ட் 3ஆம் தேதி. இரண்டுக்கும் கிலோமீட்டர் ஒன்றே. எட்டு வாரம் வண்டி நகரவில்லை. ஆகஸ்ட் 3இல் எழுதியிருந்தது: "வண்டி எடுத்தேன். பிரேக் மிதிக்கும்போது வலி இல்லை."

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த வருடம் அது. மாதவிலக்கு நிற்கும் வயதில் உதிரப்போக்கு அதிகமாகி, ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். "கர்ப்பப்பை வீக்கா இருக்கு. பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துடலாம்." அந்த வயதில் உதிரப்போக்குக்குக் கட்டி காரணமாக இருக்கலாம், ஹார்மோன் ஏற்ற இறக்கமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம், பலவற்றுக்குக் கத்தியே வேண்டாம். அம்மாவுக்கு எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பதே டிஸ்சார்ஜ் தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது. நான் அப்போது சென்னையில் ஆய்வு மாணவி. மூன்றாவது இயல் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பேருந்து பிடித்து வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். ஏன் எடுத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை. வயதானால் எடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தேசிய குடும்பநல ஆய்வில் இந்த அறுவைசிகிச்சையைப் பற்றிய கேள்வி 2015–16 சுற்றில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இது பெருமளவில் நடந்திருப்பது 2019இல் செய்தியானதும், மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. அந்தப் பெண்களுக்கும் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார், இனி அது எதுக்கு என்று.

என் அம்மாவின் உடம்பை ஒரு காரோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. பெண்ணை வண்டி என்றும் நிலம் என்றும் படகு என்றும் எழுதிய பாட்டுகள் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. நான் ஒப்பிடுவது சொன்னவர்களின் குரலை. இரண்டு தடவை ரேஸ் பண்ணிவிட்டு இறக்கிடலாம் என்ற குரலும், இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எடுத்துடலாம் என்ற குரலும் ஒன்றுபோலவே இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலையில் வண்டியைச் சோதித்தோம். எங்கள் ஊரில் இருப்பதால் இதில் ஒரு வசதி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ரிங்குக்குச் சோதனை, இறங்கும்போது சீலுக்கு. என் எம்.ஏ. மாணவி ஒருத்தி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள், புகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள. ஏற்றத்தில் இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தியே ஏறினேன். மேலே போய் நின்றதும் அவளுடைய தாளைப் பார்த்தேன். ஏழாம் வளைவில் லேசாக, பன்னிரண்டில் லேசாக, மற்றபடி இல்லை என்று எழுதியிருந்தாள். இறங்கும்போது கீழ்க்கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதும் எடுத்துவிட்டு வண்டியை இன்ஜினே பிடித்து இறக்கும்படி விட்டேன். அப்படி இறங்கும்போது இன்ஜின் உள்ளே காற்றை உறிஞ்சும் வேகம் அதிகமாகும். சீல் கெட்டிருந்தால் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். நேரான பாதை வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் மாணவி தெரியவில்லை. நீலப்புகை மட்டும் தெரிந்தது. அடிவாரத்தில் இருமிக்கொண்டே வந்து நின்றாள். "மேடம், எழுத வேண்டியதே இல்ல."

அவ்வளவு சந்தோஷமாக ஒரு கோளாறை நான் வரவேற்றதில்லை.

அண்ணா அதோடு விடவில்லை. மலை சொன்னதை அளந்து பார்க்க வேண்டும் என்றார். டிப்போவில் பழகிய ஒருவரிடமிருந்து கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வைத்திருந்தார். பெட்ரோல் வண்டி எனக்குக் கொஞ்சம் தூரம்தான், நான் டீசல்காரன் என்றும் சொல்லிக்கொண்டார். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, ஸ்பார்க்கும் பெட்ரோலும் வராதபடி இணைப்புகளைக் கழற்றி, மூன்று பிளக்குகளையும் வெளியே எடுத்தேன். பிளக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எரிந்த பழுப்பு நிறமாக உலர்ந்திருந்தால் நலம். கறுப்பாக, ஆயில் ஈரத்தோடு இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஆயில் வருகிறது. எனக்கு மூன்றுமே ஓரளவு ஈரம். பிளக் இருந்த துளையில் கேஜைத் திருகி, அம்மாவின் வாக்கரைப் பிடித்து வெளியே அழைத்துவந்து வண்டிக்குள் உட்காரவைத்தோம். ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏழு வருடம் கழித்து அம்மா அந்த இருக்கையில் உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. இருக்கையை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார்.

முதல் சிலிண்டர் 150 பி.எஸ்.ஐ. இரண்டாவது 148. மூன்றாவது 132. எண் எவ்வளவு உயரம் என்பதைப் போலவே அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதும் முக்கியம். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். மூன்றாவது அந்த எல்லையில் நின்றது. அடுத்து, பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி அளப்பது. ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அதனால் எண் ஏறினால் தேய்மானம் ரிங்கில். ஏறாமல் நின்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ காற்றை விடுகிறது. மூன்றும் 162, 160, 155 என்று ஏறின.

"மூணாவது கொஞ்சம் கூடுதலா உழைச்சிருக்கு" என்றார் அண்ணா.

பிடித்துக்கொண்டேன் அந்தச் சொல்லை. பட்டறையில் தேஞ்சு போச்சு என்றதை இவர் உழைச்சிருக்கு என்கிறார். ஒரு பொருள் நீடித்து வருவதையும் மனிதர் பாடுபடுவதையும் நாம் ஒரே வினைச்சொல்லால் சொல்கிறோம். நல்ல துணி, நல்லா உழைக்கும் என்போம்.

ஆக, ரிங்கும் தேய்ந்துதான் இருந்தது. பட்டறை இளைஞர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றில் ஒன்று, அதுவும் எல்லைக்குள். காலையில் தெருவை நீலமாக்கியது அது இல்லை. இந்த இடத்தில் இன்னொரு பட்டறையையும் சொல்லிவிடுகிறேன், கருத்துக் கேட்க ஒருமுறை அங்கேயும் போயிருந்தேன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த தயிர்போன்ற வெண்மையைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் போச்சு, ஆயிலில் தண்ணீர் கலக்குது என்றார்கள். மழைக்காலத்தில் சின்னச்சின்ன தூரம் ஓடி, சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும். கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும், ஒரு சொட்டுக் குறையவில்லை. கல்லூரி விடுமுறையில் காய்கறிக் கடைக்கும் மருந்துக்கடைக்கும்தான் வண்டி போய்வந்துகொண்டிருந்தது.

இதில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு. அம்மா பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டினார், அதனால் வண்டி புதுசுபோல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை நேரெதிர். நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து அது மேலே ஏறுவதற்குள், இரும்பும் இரும்பும் காய்ந்து உரசும் அந்தச் சில நொடிகளிலும், இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கு முன்பும்தான் தேய்மானம் அதிகம். ஒரே மூச்சில் இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியைவிட, பள்ளிக்கு, சந்தைக்கு, மறுபடி வீட்டுக்கு, மறுபடி மருத்துவமனைக்கு என்று ஒருநாளில் பத்துமுறை குளிர்ந்து கிளம்புகிற வண்டி கூடுதலாகத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் எங்கேயும் போகாத வண்டி.

சீல் மாற்ற அண்ணாவே ஓர் ஆளைச் சொன்னார். சீலநாயக்கன்பட்டிப் பக்கம் புளியமரத்தடியில் வேலைசெய்கிறவர், போர்டுகூட இல்லை. ஹெட்டை மட்டும் கழற்றினார். நான் கூடவே நின்றேன். கழற்றியதும் மூன்று சிலிண்டர்களும் வாய் திறந்து தெரிந்தன. "தொட்டுப் பாக்கறீங்களாக்கா?" என்றார். மேல் ரிங் உச்சிக்கு வந்து திரும்பும் இடத்தில்தான் சுவர் அதிகம் தேயும். அதற்கு மேலே ரிங் போகாத பகுதி தேயாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம்பு உண்டாகும். நகத்தைக் கீழிருந்து மேலாக இழுத்தால் தட்டுப்பட வேண்டும். முதலாவதில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் நகம் ஓரிடத்தில் மெல்லத் தடுக்கிற்று. முடி கனத்துக்குக்கூட இருக்காது. இருபது வருடம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், அம்மாவுடையதும் என்னுடையதும், அந்தத் தடுக்கில் இருந்தது. அதற்குக் கீழே சுவரில், புதிதில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்ட கோடுகள் இன்னும் பாதி அழியாமல் தெரிந்தன.

சீல்கள், கேஸ்கெட், கையோடு டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். பழைய சீல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரப்பர் மாதிரியே இல்லை, காய்ந்த மிளகாய்க் காம்புபோல ஒடிந்தன. அம்மாவிடம் காட்டினேன். கையில் வைத்து ஒன்றை உடைத்துப் பார்த்தார். "2015லேயே சொன்னேனே" என்றார்.

அடுத்த வாரம் அம்மாவை வேறு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். தேய்மானம் என்று அவரும் தொடங்கினார். எந்த எலும்பில், எவ்வளவு, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சண்டைபோடும் குரலில் இல்லை, அண்ணா கேட்ட குரலில்தான். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். பிறகு எலும்பு அடர்த்திச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். இடுப்பெலும்பில் மைனஸ் 2.8 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. மாதவிலக்கு நிற்பதற்குமுன் சூலகங்களை எடுத்துவிட்டால் இந்த ஆபத்து கூடும் என்று அவரே சொன்னார். 2005இல் எடுத்தார்கள். 2016இல் முறிந்தது. முறிந்த எலும்பைப் பொருத்தி அனுப்பியவர்கள் அது ஏன் அவ்வளவு லேசாக முறிந்தது என்று பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொல்லவில்லை. இப்போது மருந்து போகிறது. போன எலும்பு முழுதாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

ஆர்.சி.க்கு ஐந்தாயிரம் கட்டி 2028வரை புதுப்பித்தாயிற்று. மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில், 2014 ஜனவரியோடு அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

போன மாதத்திலிருந்து புதிதாக ஒன்று. நல்ல வெயிலில் வெகுதூரம் ஓட்டிவந்து சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. சூட்டில் ஆயில் இளகி, கிராங்க் பேரிங்கின் இடைவெளியில் அழுத்தம் நிற்காமல் போனால் இப்படி ஆகும். விளக்குக்குப் போகும் சென்சார் மட்டும் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜ் வைத்து அளந்தால்தான் தெரியும் என்கிறார் அண்ணா. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் அடிப்பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்கச் சொன்னார். பேரிங் என்றால் ஆழத்திலிருந்து கனமாகத் தட்டும். டாப்பெட் என்றால் மேலே, தையல் மெஷின்போல. எனக்குத் தையல் மெஷின்தான் கேட்கிறது. ஆனால் என் காது இன்னும் பழகவில்லை. வரும் ஞாயிறு கேஜ் கிடைக்கும்.

நேற்று மாலை மூடியைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து அம்மா கேட்டார்.

"எவ்ளோ ஊத்துன?"

"நூறு."

"வண்டி சமதரையில நிக்குதா? நிறுத்தி எவ்ளோ நேரம் ஆச்சு?"

ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. காத்திருந்து, கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதினேன்.